தவிட்டுக்கு வாங்கிய பெயர்

என் பெயர் குப்பம்மாள். தில்லியில் பிறந்து, தில்லியிலேயே படித்து, தில்லி சர்க்கார் அலுவலகம் ஒன்றில் தட்டச்சு வேலை பார்த்த ஒருத்திக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்காதவர்கள் குறைவு. எங்கள் குலதெய்வத்தின் பெயர் என்று சொல்லிவிடுவேன். தெய்வம் என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ஆனால் அப்படி ஒரு தெய்வம் எங்கள் குடும்பத்துக்குக் கிடையாது. குப்பை என்ற சொல்லுக்கு என்ன பொருளோ அதுதான் என் பெயருக்கும் பொருள்.

அப்பா கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். பரீட்சை எழுதி மத்திய சர்க்காரில் எழுத்தர் வேலை கிடைத்து வந்தவர். கோல் மார்க்கெட்டுக்குப் பின்னால், நடுவில் புல்தரையும் சுற்றிலும் மஞ்சள் பூசிய ஒரே மாதிரி வீடுகளுமாக இருந்த குவார்ட்டர்ஸ் ஒன்றில் எங்களுக்கு இரண்டு அறையும் ஒரு முற்றமும் கிடைத்திருந்தன. அம்மா கல்யாணமாகி வந்தபோது இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. கடைசிவரை அவள் அதிகம் தெரிந்துகொள்ளவும் இல்லை.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு குழந்தைகள். மூத்தது ஆண். பிரசவத்துக்கு ஊருக்குப் போன இடத்தில் பிறந்து, தொட்டிலில் போடுவதற்கு முன்பே போய்விட்டது. அடுத்தது பெண். தில்லியிலேயே பிறந்தது. கொழுகொழுவென்று இருந்ததாம். பார்த்தவர்களெல்லாம் வாங்கிக் கொஞ்சினார்களாம். அந்த வருஷத்துக் குளிரில் மார்ச்சளி கட்டி, ஒரு காலையில் பாலுக்கு வாய் திறக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு மிக அழகான பெயர் வைத்திருந்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். என்ன பெயர் என்று அம்மா என்னிடம் சொன்னதே இல்லை.

நான் வயிற்றில் இருக்கும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தடுத்துப் பிள்ளைகள் சாகிற வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால், அதை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்துவிடுவார்கள். வேண்டாமென்று எறிந்தாயிற்று என்று அர்த்தம். வீட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒருத்தி அதை எடுத்துக்கொள்வாள். பெற்றவள் போய் அவளிடம் கொஞ்சம் தவிட்டைக் கொடுத்து, அந்தக் குழந்தையை விலைக்கு வாங்கி வருவாள். அதன்பிறகு அது அவள் பெற்ற பிள்ளை ஆகாது. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை. குப்பையில் கிடந்ததற்குக் குப்பை என்றே பெயர். ஆண் என்றால் குப்பன், குப்புசாமி. பெண் என்றால் குப்பம்மாள், குப்பாயி. கோயில் வாசலில் பிச்சையாகக் கேட்டு வாங்கினால் பிச்சை, பிச்சம்மாள். மூக்குக் குத்தி விட்டால் மூக்கன், மூக்கம்மாள். சாவுக்குக் கண் உண்டு, நல்லதைப் பார்த்துத்தான் அது கை வைக்கும் என்று நம்பிய மனிதர்கள் தங்கள் பிள்ளைகளை இப்படி ஒளித்து வைத்தார்கள்.

ஊரில் இந்தப் பெயர்கள் எங்கும் கிடந்தன. செத்துப்போன மாமியாரின் பெயர், அத்தையின் பெயர் என்று பிறகு பேத்திகளுக்கும் வந்து சேர்ந்தன. அப்படிப் பெயர் வாங்கியவர்களுக்கு அதன் காரணம் மறந்துபோயிருக்கும். ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் முதல் குப்பம்மாளுக்கு முன்னால் செத்த குழந்தைகள் இருந்தே தீரும். நான் முதல் குப்பம்மாள்.

தில்லியில் முறம் இருந்தது, அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்தது. நெல்தவிடு இல்லை. கோல் மார்க்கெட் மாவு மில்லில் கோதுமைத் தவிடு கிடைத்தது. குப்பைமேட்டுக்கு, எங்கள் சதுக்கத்தின் மூலையில் மூன்று பக்கம் சுவர் வைத்துக் கட்டிய முனிசிபாலிட்டித் தொட்டி இருந்தது. எடுத்துக்கொள்ள ஓர் ஆள்தான் வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்க அப்பா சம்மதிக்கவில்லை. ஆபீஸில் போய்ப் பேசுவார்கள் என்று பயந்தார்.

அந்தத் தொட்டியைக் கூட்டி அள்ளியவள் மந்திர் மார்க் ஓரத்து வரிசை வீடுகளில் குடியிருந்த ஒரு பெண். ஜமாதாரிணி என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். கூட்டுகிற பெண்களுக்கு அங்கே அதுதான் பெயர். நான் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை, அம்மா என்னை முறத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு, பச்சை உடம்போடு அந்த மூலைக்கு நடந்தாள். தொட்டிக்கு உள்ளே வைக்க மனம் வராமல் விளிம்பில் ஒரு பழைய துணியை விரித்து வைத்தாள். கூட்டிக்கொண்டிருந்தவளிடம் என்னைக் காட்டி, அவளைக் காட்டி, கையிலிருந்த தவிட்டைக் காட்டினாளாம். வாயில் வந்த ஒரே சொல் 'லேலோ.' எடுத்துக்கொள் என்று பால்காரனிடம் அவள் தினமும் சொல்கிற சொல்.

அந்தப் பெண் துடைப்பத்தைக் கீழே போட்டாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைத் தூக்கினாள். கிழக்கே எங்கோ கங்கைக் கரையோரம் அவளுடைய ஊரிலும் இதே வழக்கம் இருந்திருக்கிறது. அவளுடைய அண்ணனுக்கே அவர்கள் பேச்சில் குப்பைமேடு என்றுதான் பெயர். நான் கொஞ்சம் வளர்ந்து அவளோடு இந்தியில் பேச ஆரம்பித்த பிறகு இதை அவளே என்னிடம் சொன்னாள். அம்மாவுக்கு அது தெரியாது. தன் கையாட்டலைப் பார்த்தே அவள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டதாக நினைத்து, கடவுளே அனுப்பிய ஆள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தவிட்டை வாங்கி முடிந்துகொண்டு, என்னை அவள் திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு 'மேரி பேட்டி.' என் மகள். தீபாவளிக்குத் தீபாவளி அவள் வருவாள். "என் மகள் வீட்டில் எனக்கு என்ன வைத்திருக்கிறாய், பெஹன்ஜி?" என்று கேட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துகொள்வாள். அம்மா ஒரு சேலையும் முறுக்கும் கொண்டுவந்து அவள் முன்னால் படியில் வைப்பாள். கையில் கொடுக்கமாட்டாள். என்னை எடுத்துக் கொடுத்த கை அது. ஆனாலும் அந்தக் கை தொட்ட தம்ளர் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. எனக்கு அது வெகுகாலம் விசித்திரமாகப் படவில்லை. அப்படித்தான் எல்லா வீட்டிலும் நடந்தது.

பள்ளிக்கூடம் போன பிறகுதான் பெயர் உறுத்த ஆரம்பித்தது. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடம். தில்லியிலேயே பிறந்த பிள்ளைகள். தமிழ்ப் பாடத்தில் ஒரு வரியைத் தடுமாறாமல் படிக்க வராது. அவர்களுக்கும் குப்பை என்ற சொல் தெரிந்திருந்தது. வகுப்பைப் பெருக்குகிற முறை யாருக்கு வந்தாலும், "ஏ, உன் சொந்தக்காரங்க எல்லாம் இங்க கிடக்காங்க பார்" என்று என்னிடம் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தால் சதுக்கத்து இந்திப் பிள்ளைகள். அவர்களுக்குக் குப்பை தெரியாது. ஆனால் இந்தியில் குப்பா என்றால் எண்ணெய் ஊற்றி வைக்கிற தோல்பை. ஊதிப் பெருத்தவர்களைக் குப்பா என்று கேலி செய்வார்கள். நான் எலும்பும் தோலுமாக இருந்தேன். "குப்பா வருது, வழி விடு" என்று கன்னத்தை உப்பிக் காட்டிக்கொண்டு பின்னால் வருவார்கள். பெயரின் பின்பாதி அதைவிட மோசம். மாள் என்பதை அவர்கள் மல் என்பார்கள். மல் என்றால் அங்கே மலம்.

எனக்கு ஆறு வயதானபோது தங்கை பிறந்தாள். அம்மாவுக்குப் பயம் விட்டிருந்தது. ஒன்று தங்கிவிட்டது, இனி தங்கும் என்று இருந்தாள். இந்தக் குழந்தைக்குப் பெயர் வைப்பது தன் பொறுப்பு என்று அப்பா சொன்னார்.

"முதல்ல வச்சது உன் இஷ்டம். இது என் இஷ்டம்ளா. நாலு பேர்கிட்ட வாய்விட்டுச் சொல்லுத மாதிரி வைக்கணும்" என்றார்.

வெளிச்சம் என்று பொருள் வருகிற ஒரு பெயரை வைத்தார். தில்லிக்காரர்களும் கூப்பிடலாம், திருநெல்வேலிக்காரர்களும் கூப்பிடலாம். அம்மா மறுக்கவில்லை. அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன். அதைச் சொல்லிக் கூப்பிடும்போது அவள் குரலில் ஒரு இழுப்பு இருக்கும். பூரித்துப்போன வீட்டில்தான் அப்படிக் கூப்பிடுவார்கள்.

தங்கை சிவப்பாக, சுருட்டை முடியோடு இருந்தாள். வாசலில் நிற்கும்போது போகிறவர் வருகிறவரெல்லாம் கன்னத்தைக் கிள்ளுவார்கள். எனக்குப் பொறாமை இருந்ததா என்று கேட்டால், பெயரில் மட்டும் இருந்தது. ஒருநாள் அப்பாவிடம் அழுதேன். ஆறாம் வகுப்புக்குப் போகும்போது பெயரை மாற்றித் தருகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். அம்மாவும், "மாத்திக்கட்டும். இனி என்ன? புள்ள வளந்துட்டா" என்றாள். என்ன பெயர் வேண்டும் என்று என்னையே யோசிக்கச் சொன்னார்கள்.

நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதை முதலில் தங்கையிடம்தான் சொன்னேன். அவளுக்கு அப்போது நாலு வயது முடிந்திருந்தது. அன்றிலிருந்து அவள் என்னை அக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். முற்றத்தில், மாடிப்படியில், குளிக்கும்போது, எதற்கெடுத்தாலும் அந்தப் புதுப் பெயர். அதில் வருகிற ஓர் எழுத்து அவள் நாக்கில் சரியாக வராது. வந்த மட்டும் கத்துவாள். என்னை அந்தப் பெயரால் கூப்பிட்ட மனுஷி உலகத்தில் அவள் ஒருத்திதான்.

அந்த வருஷம் ஜூலையில் மழை தொடங்கியதும் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தது. தில்லியில் வருஷா வருஷம் நடப்பதுதான். அம்மா துணியில் வடிகட்டி வைத்தாள். சதுக்கத்தில் பலருக்கும் வயிற்றுப்போக்கு கண்டது. எங்கள் வீட்டில் எனக்கும் தங்கைக்கும் ஒரே காலையில் ஆரம்பித்தது. முதலில் நான், பிறகு அவள். மதியத்துக்குள் இருவராலும் எழுந்திருக்க முடியவில்லை. அம்மா மோரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். உள்ளே போனது அப்படியே வெளியே வந்தது.

அப்பா ஆபீஸிலிருந்து ஓடிவந்து ஆட்டோ பிடித்தார். நான் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தேன். தங்கை அப்பாவின் மடியில் இருந்தாள். ஆஸ்பத்திரி வார்டு நிறைந்து வழிந்தது. எங்கள் இருவரையும் ஒரே கட்டிலில், ஒருவர் தலைப்பக்கம் ஒருவர் கால்பக்கமாகப் படுக்க வைத்தார்கள். இரண்டு பக்கமும் குளுக்கோஸ் பாட்டில் தொங்கியது. எனக்கு நரம்பு உடனே கிடைத்தது. அவளுக்குக் குத்திக் குத்திப் பார்த்தும் கிடைக்கவில்லை. நர்ஸ் ஒருத்தி, நாசரேத்துப் பக்கத்துத் தமிழச்சி, "கண்ணு, கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே கணுக்காலில் தேடினாள். கடைசியில் கிடைத்தது. தங்கையின் பாதம் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. விரல்கள் கிழவியின் விரல்கள் மாதிரி சுருங்கியிருந்தன.

அவள் என்னைக் கூப்பிட்டாளா என்று அம்மா பிறகு பலமுறை கேட்டிருக்கிறாள். கூப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டாள். மறுநாள் பகலில், வார்டில் சாப்பாட்டு வண்டி உருண்டு வருகிற நேரத்தில், அந்தக் கால் விறைத்ததை நான்தான் முதலில் பார்த்தேன். "அம்மா, பாப்பா கால் ஆடல" என்றேன். அம்மா எழுந்து வந்து பார்த்துவிட்டு என்னை அடித்தாள். ஏன் அடித்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

டாக்டர் அப்பாவிடம் பொறுமையாகச் சொன்னார். சின்னக் குழந்தைகளின் உடம்பில் தண்ணீர் குறைவு, சீக்கிரம் வற்றிவிடும், பெரியவள் தாங்கினாள், சின்னவளால் தாங்க முடியவில்லை. அப்பா அதை அம்மாவிடம் தமிழில் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒரே தண்ணிதானே குடிச்சாளுவ. ஒரே கட்டில்லதானே கிடந்தாளுவ" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவள் மனத்தில் கணக்கு முடிந்துவிட்டிருந்தது. குப்பையில் போட்டது பிழைத்தது. வெளிச்சம் என்று பேர் வைத்தது போய்விட்டது.

நான் வீட்டுக்கு வந்து படுத்திருந்தேன். ஊரிலிருந்து யாரும் வந்து சேரவில்லை, வருவதாகவும் இல்லை. அண்டை வீட்டுப் பெண்கள் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். காலையில் கூட்ட வந்தவள், விஷயம் தெரிந்து, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்கள் படியில் வந்து உட்கார்ந்தாள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அவள் ஊர் வழக்கப்படி உரக்க அழுதாள்.

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். என் நினைவில் அம்மா அவளைத் தொட்டது அந்த ஒருமுறைதான்.

"சின்னவளையும் உன் கையில குடுத்திருக்கணும். நான் பாவி, குடுக்காமப் போனேன். குப்பையில போட்டிருந்தா இருந்திருப்பா" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் படுக்கையிலிருந்து எழுந்து வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, இந்தியில் சொன்னேன். கேட்டதும் அவள் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"பிட்டியா, உன் அம்மாவிடம் சொல்" என்றாள். "என் பிள்ளைகளை யாரும் தூக்கிக்கொண்டுபோய்க் குப்பையில் வைக்க வேண்டியிருக்கவில்லை. அங்கேயே பிறந்தார்கள். அங்கேயே விளையாடினார்கள். மூன்று பேர் போய்விட்டார்கள்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். பதினோரு வயதில் எப்படிச் சொன்னேனோ, சொல்லிவிட்டேன். அம்மா அவள் கையை விடாமலே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அதுகளுக்கு என்ன பேரு வச்சிருந்தான்னு கேளுட்டி" என்றாள்.

கேட்டேன். இரண்டு குழந்தைகள் பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டனவாம். மூன்றாவதற்குப் பெயர் இருந்தது. "அந்தப் பெயரை நான் வாயால் எடுப்பதில்லை" என்றாள்.

"பார்த்தியா" என்றாள் அம்மா என்னிடம். "நல்ல பேரா வச்சிருப்பா."

அவ்வளவுதான். அவள் கையை விட்டுவிட்டாள். அந்தப் பெண் எழுந்து, என் தலையில் கை வைத்துவிட்டு, தொட்டிப் பக்கம் போனாள். அடுத்த தீபாவளிக்கு அவள் வரவில்லை. அதற்கு அடுத்த வருஷம் அவளுடைய மருமகள் கூட்ட வந்தாள். மாமியாருக்கு இடுப்பு விழுந்துவிட்டது, ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்றாள்.

தங்கை போன பிறகு அம்மா என்னைக் கூப்பிடுகிற விதம் மாறியது. அதுவரை குப்பு என்றோ, ஏட்டி என்றோதான் கூப்பிடுவாள். இப்போது முழுப்பெயரும் வந்தது. அதையும் வீட்டுக்குள் சொல்லமாட்டாள். வாசலில் நின்று, சதுக்கம் முழுக்கக் கேட்கும்படி, "குப்பம்மா! ஏ குப்பம்மா!" என்பாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாலும் அப்படித்தான். யாருக்குக் கேட்கவேண்டும் என்று கூப்பிட்டாளோ அவனுக்குக் காது மந்தம் என்பதுபோல. பண்டிகைக்கு எனக்குப் புதுத்துணி எடுப்பது நின்றது. வேறு வீட்டுப் பெண்களின் பழைய பாவாடையைக் கேட்டு வாங்கி உடுத்தச் சொன்னாள். தலையில் பூ வைக்க விடமாட்டாள். யாராவது, "உங்க பொண்ணு நல்லாப் படிக்கிறாளாமே" என்றால், "இதா? கழுதை. ஒண்ணும் தேறாது" என்பாள். சொல்லிவிட்டு உள்ளே வந்து என் தலையைத் தடவிக் கொடுப்பாள்.

அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தங்கையின் பெயரை வைத்தவர். அதை அம்மா ஒருநாளும் வாய்விட்டுக் குற்றமாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார், சண்டை போட்டிருப்பார். சொல்லாததால் அவருக்குப் பதில் சொல்ல இடமே கிடைக்கவில்லை. ஆபீஸ் விட்டால் நேராக வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். பிர்லா மந்திர் தோட்டத்தில் இருட்டும்வரை தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று யாரோ சொல்லித் தெரிந்தது.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அவர் ஒருமுறை துணிந்தார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயர் ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரிய அலைச்சல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம்.

"இவ பேரை இப்பவே மாத்திருவோமா?" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியைத் தட்டில் வைத்தாள். "மாத்துங்க. மாத்திட்டு, இவளுக்கும் குழிய நீங்களே தோண்டுங்க" என்றாள்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். நான் இருவரையும் பார்த்தபடி தட்டின் முன்னால் இருந்தேன். எனக்குப் பெயரை மாற்ற வேண்டுமென்ற ஆசை அதற்குள் போயிருந்தது. அந்தப் புதுப் பெயரை இன்னொருவர், எழுத்து எதுவும் பிசகாமல், சரியாகக் கூப்பிடுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. சாயங்காலம் அப்பாவிடம் போய், "வேண்டாம்ப்பா. இதே இருக்கட்டும்" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

படிப்பு முடிந்து தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, எனக்கும் சர்க்கார் வேலை கிடைத்தது. வரன் பார்த்தார்கள். கரோல்பாக்கில் இருந்த ஒரு குடும்பம், எங்கள் ஜில்லாக்காரர்கள்தான், வந்து பார்த்துப் பிடித்திருக்கிறது என்றார்கள். பையனின் அம்மா நல்லவிதமாகத்தான் பேசினாள்.

"எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம். பேரை மட்டும் கல்யாணத்தோட மாத்திக்கிடுவோம். பத்திரிகையில போடணும்லா" என்றாள்.

அப்பா சரி என்று சொல்ல வாயெடுத்தார். அம்மா அதற்குள் எழுந்துவிட்டாள். மரியாதை குறையாமல், கையெடுத்துக் கும்பிட்டு, "அப்படீன்னா சரிப்படாது. கோவிச்சுக்கிடாதீங்க" என்றாள். அவர்கள் முகம் சிவந்து எழுந்துபோனார்கள். காப்பித் தம்ளர்கள் பாதி குடித்தபடி இருந்தன.

"பொண்ணைக் கல்யாணம் முடிக்காமயே வச்சிருக்கப் போறியா?" என்று அப்பா கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"உசுரோட இருந்தாப் போதும்" என்றாள் அம்மா.

அதன்பிறகு வந்த வரன்களும் ஏதோ ஒரு காரணத்தால் நின்றுபோயின. எல்லாமே பெயரால் நின்றவை அல்ல. என் வயதும் ஏறிக்கொண்டிருந்தது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஜனவரி. தில்லியில் பனிமூட்டம் பத்து மணிவரை விலகாத நாட்கள். அம்மா காலையில் அடுப்பு மூட்டப் போனவள் முற்றத்தில் விழுந்தாள். வலது பக்கம் முழுவதும் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது பேச்சு போயிருந்தது. டாக்டர், மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டுவிட்டது, சிலருக்கு ஒன்றிரண்டு சொற்கள் மட்டும் மிஞ்சும், பார்ப்போம் என்றார்.

அம்மாவுக்கு ஒரு சொல் மிஞ்சியது. "குப்பம்மா."

முதலில் என்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து ஓடினேன். அவள் கையால் தண்ணீர்க் குவளையைக் காட்டினாள். வலித்தால் குப்பம்மா. போர்வை நழுவினால் குப்பம்மா. ஊசி போட வந்த மலையாள நர்ஸைப் பார்த்துக் குப்பம்மா. பக்கத்துக் கட்டில் சீக்கியக் கிழவியைப் பார்த்துக் குப்பம்மா. அந்தக் கிழவி இது ஏதோ சாமி பெயர் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்து கை கூப்புவாள். தான் சொல்வது வேறாக வருகிறது என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. சொல்லிவிட்டு, அது இல்லை என்பதுபோல் தலையை அசைத்து, மறுபடி முயல்வாள். மறுபடி அதே சொல் வரும். கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும்.

அப்பாவையும் அப்படித்தான் கூப்பிட்டாள். முதல் நாள் அவர் வெளியே வராண்டாவுக்குப் போய் நின்றுகொண்டார். பிறகு பழகிவிட்டது. "குப்பம்மா" என்று அவள் முனகினால், "இந்தா, இங்கனதான் இருக்கேன்ளா. என்ன வேணும்?" என்று கட்டிலருகே குனிவார். அவர்கள் இருவரும் அவ்வளவு பேசிக்கொண்டதை நான் பல வருஷங்களாகப் பார்த்ததில்லை. அவர் பாட்டுக்கு ஊர்க் கதை, ஆபீஸ் கதை என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவள் நடுநடுவே அந்த ஒரு சொல்லைச் சொல்வாள், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு குரலில். அவருக்கு அர்த்தம் புரிந்ததா, புரிந்ததாக நடித்தாரா, தெரியாது.

ஒருநாள் மத்தியானம் நான் மட்டும் இருந்தேன். ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெயில் கட்டிலில் விழுந்திருந்தது. அம்மா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரோ பார்வையாளரின் குழந்தை, நாலைந்து வயதுப் பெண், வாழைப்பழம் தின்றுகொண்டு நின்றது. அம்மா இடது கையை நீட்டி அதைக் கூப்பிட்டாள். "குப்பம்மா" என்றாள். பிறகு இன்னும் மெதுவாக, இழுத்து, "குப்பம்மா." தங்கையை அவள் கூப்பிடுகிற இழுப்பு அது. எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. குழந்தை பயந்து தன் தாயிடம் ஓடிவிட்டது. அம்மா நீட்டிய கையை மடக்காமல் வெகுநேரம் வைத்திருந்தாள். நான்தான் பிடித்துப் போர்வைக்குள் வைத்தேன்.

அந்த வாரமே, பனி இறங்கிய ஒரு காலையில் அம்மா போனாள். யமுனைக் கரையில் விறகு ஈரமாக இருந்ததால் தீப்பிடிக்க நேரமானது. அப்பா தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, மப்ளரைக் காதுக்குச் சுற்றிக்கொண்டு புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஓய்வு வந்து குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அவர் கோவில்பட்டிக்கு, தம்பி வீட்டோடு போய்விட்டார். ஊருக்கு வந்துவிடு என்று என்னையும் கூப்பிட்டார். வேலையை விட்டுப் போக எனக்கு வழியில்லை. வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் இடம் கிடைத்தது. மூன்று கட்டில் போட்ட அறை. ஒருத்தி பிகார்க்காரி, ஒருத்தி பஞ்சாபி. முதல் நாள் என் பெயரைக் கேட்டார்கள். சொன்னேன்.

"நல்லாயிருக்கே. என்ன அர்த்தம்?" என்று பஞ்சாபிப் பெண் இந்தியில் கேட்டாள்.

தெய்வத்தின் பெயர் என்று நான் முதன்முதலாகச் சொன்னது அவளிடம்தான். அவள், "ஜெய் குப்பம்மா" என்று நெற்றியைத் தொட்டுக்கொண்டு, தன் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.